தேயிலை மலை ஏறிய தமிழர்: கேமரன் மலைக் குடியேற்றம் குறித்துச் சில கருத்துகள்

மலேசியத் தமிழர் வரலாற்றைப் பேசத் தொடங்கும் எவர் நாவிலும் முதலில் வருவது பால்மரம். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்றதும், பால்வெட்டும், வாளி சுமந்ததும் நம் கதைகளிலும் கவிதைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் நிலைத்துவிட்டன. தமிழகத்து நாவலாசிரியர் அகிலன் இந்நாட்டைக் கண்டு சென்று எழுதிய புதினத்தின் பெயரே 'பால்மரக் காட்டினிலே'. 'தோட்டம்' என்ற சொல்லே நம் வழக்கில் ரப்பர்த் தோட்டத்தைத்தான் முதலில் உணர்த்தும். இது இயல்புதான். இந்நாட்டுக்கு வந்த தமிழருள் மிகப் பெரும்பாலோர் ரப்பருக்காகவே கொண்டுவரப்பட்டனர். ஆயினும் அந்தப் பெருங்கதையின் நிழலில் ஒரு சிறு சமூகம் தன் வரலாற்றைச் சொல்ல இடமின்றி நின்றுவிட்டது. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் தேயிலைக்காகக் குடியேறிய தமிழர்களைக் குறித்தே இவ்வுரையில் பேச விரும்புகிறோம்.

அம்மலைக்கு இன்று நாள்தோறும் பயணிகள் செல்கின்றனர். சுங்கை பாலாஸ் தோட்டத்தில் பள்ளத்தாக்கின் மேல் நீண்டு நிற்கும் மேடையில் அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர், படம் எடுத்துக்கொள்கின்றனர். அந்த மேடைக்குச் செல்லும் வழியில் தொழிலாளர் குடியிருப்பு உண்டு, கோயில் உண்டு. வாகனத்தின் கண்ணாடி வழியே அவை ஒரு கணம் தோன்றி மறையும். பயணிகளுக்குச் சொல்லப்படும் வரலாற்றில் அவற்றுக்குக் கிடைக்கும் இடமும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

மலையின் பெயரிலிருந்தே தொடங்கலாம். 1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு குறித்தார். மலை அவர் பெயரைப் பெற்றது. அவர் வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பிருந்தே செமாய் இனத்து ஒராங் அஸ்லி மக்கள் அங்கு வாழ்ந்து வந்தனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. தமிழரின் வரலாறு மறைக்கப்பட்டதாகக் குறைப்படும் நாம் மற்றவரின் வரலாற்றை மறைப்பவர்களாக ஆகிவிடக்கூடாது அன்றோ? கேமரனின் அளவைக்குப் பின் நாற்பது ஆண்டுகள் மலை ஏறத்தாழ அப்படியே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்த பின்னரே, வெயிலில் வாடும் வெள்ளை அதிகாரிகளுக்கு ஒரு குளிர்வாசத் தலம் அமைக்கும் எண்ணம் உறுதிப்பட்டது. மலை பகாங்கைச் சேர்ந்தது. ஆனால் அதற்குப் பாதை பேராக்கின் தாப்பாவிலிருந்தே போடப்பட்டது. காட்டை வெட்டி, பாறையை உடைத்து, வளைந்து வளைந்து ஏறும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்ப் பாதை 1930களின் தொடக்கத்தில் தானா ராத்தாவை எட்டியது.

பாதை முற்றுப்பெறுவதற்கு முன்பே தேயிலை வந்துவிட்டது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்னும் தொழிலதிபர் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். சீனத்து பொகியா மலையின் பெயரிலிருந்தே 'போ' என்னும் பெயர் வந்தது என்பர். 1933-இல் வடஇந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தினர் பாரத் தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினர். காட்டு மரங்களைச் சாய்த்து, செங்குத்தான சரிவுகளைத் திருத்தி, கன்று நட்ட கைகள் பெரும்பாலும் தமிழருடையவை. நிறுவனங்களின் வரலாற்றில் ரஸ்ஸலுக்கு உருவப்படம் உண்டு. மண்வெட்டி பிடித்தவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

அவர்கள் எப்போது, எங்கிருந்து வந்தனர் என்ற கேள்வியில் நாம் சற்று நின்று நிதானிக்க வேண்டும். ஏனெனில் "ஊரிலிருந்து கங்காணி கூட்டி வந்தார், கப்பலேறி வந்தோம், தோட்டத்தில் இறங்கினோம்" என்னும் பொதுக்கதையை அப்படியே கேமரன் மலைக்கும் பொருத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால் அக்கதை முழுவதும் பொருந்தவில்லை.

மலாயாவுக்குத் தொழிலாளரை ஒப்பந்தத்தில் கட்டிக் கொண்டுவரும் முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. மக்கள் அம்முறையில் வந்தோரைச் 'சஞ்சிக்கூலி' என்றனர். வாக்குறுதி அல்லது உடன்படிக்கை எனப் பொருள்படும் 'ஜாஞ்ஜி' என்னும் மலாய்ச் சொல்லே 'சஞ்சி' ஆயிற்று. அதன்பின் ஓங்கியது கங்காணி முறை. தோட்டத்திலேயே வேலை செய்த ஒருவர் உரிமம் பெற்றுத் தம் சொந்த ஊருக்குத் திரும்பி உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவார். 1907-இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து அவர்களின் கப்பற்கட்டணம் கொடுக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களிலிருந்து வந்தோர் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கிக் கப்பலேறினர். பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தப்பட்டு, நோயில்லை என்று உறுதியான பின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

ஆனால் போ தோட்டம் தொடங்கிய 1929 எந்த ஆண்டு? உலகப் பொருளாதாரம் சரிந்து விழுந்த ஆண்டு. ரப்பர் விலை பாதாளத்துக்குச் சென்றது. 1930-இல் கங்காணிகள் ஆள் திரட்டுவது நிறுத்தப்பட்டது. வேலையிழந்த தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1930 முதல் 1932 வரையிலான மூன்றே ஆண்டுகளில் ஊர் திரும்பிய இந்தியர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 1934-இல்தான் ஆள் திரட்டுவதற்குக் கதவு மீண்டும் திறந்தது. 1938 சூன் மாதத்தில் இந்திய அரசு உதவிக்கட்டணக் குடியேற்றத்துக்குத் தடைவிதித்தபோது அக்கதவு இறுதியாக மூடிக்கொண்டது.

ஆகவே கேமரன் மலையில் காடழித்த காலம், கடல் கடந்து புதிய ஆள் வராத காலமாகும். அங்குக் கன்று நட்ட முதல் தலைமுறையில் பெரும்பகுதியினர் கப்பலிலிருந்து நேரே மலையேறியவர்களாக இருக்க முடியாது. தாழ்நிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வேலை குறைந்து, ஊருக்குத் திரும்புவதா, கிடைக்கும் வேலையைத் தேடிப் போவதா என்று தவித்து நின்ற குடும்பங்களே மலைக்குப் போயிருத்தல் வேண்டும். இது நம் கருத்து. ஆண்டுகள் அதற்குத் துணை நிற்கின்றன. அவ்வாறாயின், கேமரன் மலைத் தமிழரின் குடியேற்றம் இரண்டாம் குடியேற்றமாகும். காவிரிக்கரையையும் பாலாற்றங்கரையையும் விட்டு வந்தது முதல் பிரிவு. வெப்பத்துக்குப் பழகிய உடலோடு, பனி மூடும் 1,400 மீட்டர் உயரத்துக்கு ஏறியது இரண்டாம் பிரிவு. ஊர் நினைவோடு தாழ்நிலத் தோட்டத்தின் நினைவையும் அவர்கள் சுமந்து சென்றனர்.

இன்னொன்றும் இதனால் விளங்கும். நெருக்கடிக் காலத்தில் எளிதாகக் கப்பலேறித் திரும்பக்கூடியவர் தனியாளாக வந்த ஆடவர். பிள்ளைகுட்டிகளோடு வேரூன்றத் தொடங்கியோருக்கு அது எளிதன்று. எனவே மலையில் எஞ்சி நின்ற சமூகம் தொடக்கத்திலிருந்தே குடும்பங்களின் சமூகமாக அமைந்ததில் வியப்பில்லை. தேயிலையும் அதற்கு ஏற்ற தொழில்; கொழுந்து பறிப்பதற்குப் பெண்களின் கைகளையே தோட்டங்கள் நாடின.

அக்கைகளுக்குக் கிடைத்த கூலி என்ன? 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் வரையறுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. போக்குவரவு அரிதான பகாங் உட்பகுதி போன்ற இடங்களில் அது முறையே 58 காசு, 46 காசு. விலைவாசி மிகுந்த இடம் என்பதற்காகக் கூட்டிக் கொடுத்தபோதும் ஆணுக்கும் பெண்ணுக்குமிடையே இருந்த வேற்றுமையைக் குறைக்க எவரும் நினைக்கவில்லை. அதையும் கூட்டியே கொடுத்தனர். நெருக்கடி வந்ததும் கூலி வெட்டப்பட்டது. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1936-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆய்ந்து, பழைய 50, 40 காசுகளையேனும் திரும்பக் கொடுக்கும்படி பரிந்துரைத்தார். குடியேற்றம் தொடரலாம் என்று அவர் கூறியதை அன்றைய மத்திய இந்தியர் சங்கத்தார் ஏற்கவில்லை. நம் பார்வையில் சங்கத்தாரின் சினத்துக்கு நியாயம் இருந்தது.

இங்கே 'இந்தியர்' என்னும் பொதுப்பெயரைப் பற்றியும் ஒரு சொல். மக்கள்தொகைக் கணக்கில் இந்தியர் ஒரே நிரலில் அடங்கிவிடுவர். தோட்டத்தில் அவ்வாறில்லை. பாரத் நிறுவனத்தின் உரிமையாளர் வடஇந்தியர். தோட்ட அலுவலகங்களில் எழுதுகோல் பிடித்தவர்கள் பெரும்பாலும் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும். சரிவில் கூடை சுமந்தோர் தமிழகத்துச் சிற்றூர்களின் நிலமற்ற மக்கள். அவர்களுள் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர் மிகப் பலர். இவர்கள் எல்லோரும் ஒரே மலையில் வாழ்ந்தனர் என்பது உண்மை. ஒரே வாழ்க்கையை வாழ்ந்தனர் என்பது உண்மையன்று.

எழுதத் தெரிந்தவர் எழுதாத வரலாற்றுக்குச் சான்று எங்கே? மொழியைப் பேணும் இம்மன்றத்தில் இக்கேள்விக்கு நாம் தரும் விடை, சொற்களில் தேடுக என்பதே. தோட்டத்து மக்கள் நாள்தோறும் வழங்கிய சொற்கள் ஒவ்வொன்றும் அவர்கள் வந்த வழியைக் காட்டி நிற்கின்றன. 'கங்காணி' என்பது 'கண்காணி' என்பதன் திரிபு. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்ப்பவர் கண்காணி. கோயிற் கணக்கைப் பார்த்த கண், கடல் கடந்து கூலியாளின் முதுகைப் பார்க்கும் கண்ணாயிற்று. அதிகாலையில் வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணும் 'பெரட்டு' ஆங்கிலப் படைத்துறையின் 'பரேட்'. எழுத்தரைக் குறிக்கும் 'கிராணி' மலாயில் 'கெராணி' என வழங்குவது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடைத்த அறைகளுக்கு 'லயன்' அல்லது 'லயம்' என்னும் பெயர் 'வரிசை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. தாயர் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் சென்ற 'ஆயாக் கொட்டகை'யின் முற்பாதி போர்த்துக்கீசியம், பிற்பாதி தமிழ். ஆளும் நிலையில் இருந்தோரின் சொற்கள் யாவும் இவ்வாறு திசைக்கொன்றாய் வந்து சேர்ந்தவை.

செடியைச் சார்ந்த சொல்லுக்கு வருவோம். 'தேயிலை' என்பதில் 'தே' சீனத்து பூக்கியன் கடற்கரையின் சொல், 'இலை' நம்முடையது. ஆனால் பறிக்கப்படும் அந்தத் தளிருக்கு எவரிடமும் சொல் கடன் வாங்கவில்லை. 'கொழுந்து' சங்க காலம் முதல் வழங்கும் சொல். நுவரெலியாவிலும் நீலகிரியிலும் வால்பாறையிலும் மூணாற்றிலும் கேமரன் மலையிலும் தமிழ்ப் பெண்கள் பறித்தது கொழுந்துதான். துரை மாறினார், நாடு மாறியது, நாணயம் மாறியது, அச்சொல் மாறவில்லை. மேற்பார்வைக்குப் பிறமொழிச் சொற்களும், உழைப்புக்குத் தமிழ்ச் சொற்களும் என அகராதியே தோட்டத்தை இரண்டாகப் பகுத்து வைத்திருப்பதைக் காண்கிறோம். 'கங்காணி' ஒன்றே இருபுறமும் நிற்கும் சொல். அவர் நின்ற இடமும் அதுவே.

லயங்களை ஊராக்கியவை கோயிலும் பள்ளியும். தோட்டந்தோறும் மாரியம்மன் வந்தாள். பிரிஞ்சாங் நகரில் தண்டாயுதபாணி குன்றின் மேல் கோயில் கொண்டான். பள்ளியின் கதை சட்டத்தோடு பிணைந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று நிருவாகத்துக்குக் கட்டளையிட்டது. அதை நிறைவேற்றிய விதம் பல தோட்டங்களில் வேடிக்கையானது. ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையே பள்ளி, எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியர். ஆயினும் அந்த மூலையில் இட்ட அகரம் அணையவில்லை. இன்றும் ரிங்லெட், தானா ராத்தா, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய இடங்களின் பெயர்களைத் தாங்கித் தமிழ்ப்பள்ளிகள் அம்மலையில் இருக்கின்றன.

போர்க்காலத்தை விரைந்து கடப்போம். சப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கொடுமை தனி உரைக்குரியது. அதன்பின் வந்த குடியுரிமைச் சிக்கலே மலைவாழ் மக்களின் வாழ்வை நேரே தொட்டது. இலங்கையில் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே எழுத்தில் நாடற்றோராக்கியது. 1964-ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் கூறுபோட்டது. மலாயாவில் அத்தகைய ஒட்டுமொத்த வெட்டு நிகழவில்லை. 1957-இல் விடுதலை வந்தபோது குடியுரிமைக்கு வழி திறந்திருந்தது. ஆனால் அவ்வழியில் செல்லப் பத்திரம் வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், மாவட்ட அலுவலகம் வரை போய்வர ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும். சிவப்பு அடையாள அட்டையின் பொருளைப் பலர் 1969-க்குப் பிறகே உணர்ந்தனர். குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்ததும் நாடு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் கப்பலேறினர். இலங்கையில் சட்டம் செய்ததை இங்கே ஒரு படிவம் செய்தது.

எஞ்சியோரின் கதையில் தாழ்நிலமும் மலையும் இங்கே பிரிகின்றன. 1950களிலும் 60களிலும் ஆங்கிலேயர் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதைத் தடுக்கவே துன் சம்பந்தன் 1960-இல் தொழிலாளரிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தோட்டங்களை வாங்கினார். பின்னர் ரப்பர் செம்பனைக்கு இடம்விட்டது. செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம்விட்டன. தேயிலை மலையில் அவ்வாறு நிகழவில்லை. போ நிறுவனம் அதே குடும்பத்தின் கையில், அதே சரிவுகளில் நின்றது. ஆகவே மலைத் தமிழர் மூன்று, நான்கு தலைமுறைகளாக அதே இடத்தில் வாழ முடிந்தது. தாழ்நிலத்தில் சிதறிப்போன தோட்டச் சமூகம் மலையில் முழுமையாக நிலைத்தது என்று மகிழலாம். ஆனால் அது எந்த உரிமையில் நிலைத்தது? லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தந்தை ஓய்வுபெறும்போது வீடு போகாமலிருக்க மகனோ மகளோ பெரட்டுக்குப் போயாக வேண்டும். நான்கு தலைமுறை வாழ்ந்த இடத்தில் ஒரு சாண் நிலமும் தன் பெயரில் இல்லாத நிலையைக் 'குடியேற்றம்' என்று அழைக்கலாமா என்பதே இவ்வுரையை எழுதும்போது நம்மை மிகவும் தடுமாற வைத்த கேள்வி. குடி உண்டு, ஏற்றம் எங்கே?

இந்நிலையில் பிள்ளைகள் மலையிறங்கியதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. சிலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றனர். சிலர் மலையிலேயே காய்கறித் தோட்டம், லாரி, உணவகம், சுற்றுலா என்று வேறு தொழில் கண்டனர். தானா ராத்தா கடைத்தெருவில் இட்லியும் தோசையும் மணப்பது அவர்களால்தான். 2004 முதல் 2018 வரை அம்மலையின் நாடாளுமன்றத் தொகுதியில் இந்தியர் காங்கிரசின் வேட்பாளர்களே வென்றனர். 2019 இடைத்தேர்தலில் வென்றவர் நாட்டின் முதல் ஒராங் அஸ்லி நாடாளுமன்ற உறுப்பினரானார். தோட்டத்திலோ, கையால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரியும், பின்னர் இருவர் பிடித்து நகர்த்தும் இயந்திரமும் வெட்டத் தொடங்கின. அவற்றைப் பிடிக்கும் கைகள் இன்று பெரும்பாலும் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவை. நம் முன்னோர் வந்த நிலையிலேயே, ஒப்பந்தத்தோடும் கடனோடும் ஊர் ஏக்கத்தோடும் வந்திருப்பவர்கள் அவர்கள். அவர்களை நோக்கி 'அன்னியர்' என்று நாம் சொல்லும்போது சற்று நாக்கூச வேண்டும்.

வேறொரு குடியேற்றத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். அமெரிக்கா 1965-இல் தன் குடிவரவுச் சட்டத்தை மாற்றியபின் நியூயார்க் போன்ற பெருநகரங்களுக்கு இந்தியர் சென்றனர். மருத்துவராகவும் பொறியாளராகவும் சென்றோர் அவர்களுள் பலர். ஃபிளஷிங் பகுதியில் அவர்கள் எழுப்பிய மகா வல்லப கணபதி கோயில் 1977-இல் குடமுழுக்குக் கண்டது. அச்சமூகம் தன் வரலாற்றைத் தானே எழுதிக்கொண்டு போகிறது. பதிவுபெற்ற சங்கம், கூட்டக் குறிப்பு, விழா மலர், செய்தித்தாள், பல்கலைக்கழக ஆய்வு என எல்லாம் உண்டு. அரை நூற்றாண்டுக் குடியேற்றத்துக்கு அலமாரி நிறையக் காகிதம். கேமரன் மலையின் ஏறத்தாழ நூறாண்டுக் குடியேற்றத்துக்கு மக்கள் தாமே எழுதிய காகிதம் கைப்பிடியளவு. எழுத்தறிவோடு புறப்பட்டவருக்கும் எழுத்தறிவு மறுக்கப்பட்டுப் புறப்பட்டவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆயினும் அந்தக் கைப்பிடிக்குள் மதிப்பு மிக்க ஒன்று உண்டு. அது தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தந்தையின் பெயர், தந்தையின் தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என்று நிரல்கள். தோட்டத்தின் ஆள்பதிவு கூலியாளை எண்ணாகப் பார்த்தது. பள்ளியின் பதிவேடு அவரை ஒரு பிள்ளையின் தந்தையாகப் பெயரோடு பார்த்தது. எந்தெந்த ஆண்டுகளில் பிள்ளைகள் ஒருங்கே விலகினர் என்று எண்ணினால், 1969-க்குப் பின் கப்பலேறிய குடும்பங்கள் தெரியும். தொழில் நிரலைத் தொடர்ந்து படித்தால் கொழுந்து பறித்தவரின் மகன் லாரி ஓட்டுநரானதும், அவர் மகள் ஆசிரியையானதும் தெரியும்.

1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. மூடப்பட்ட பள்ளி ஒவ்வொன்றோடும் ஒரு தோட்டத்தின் பெயர்ப்பட்டியல் ஏதோ ஓர் அலமாரிக்குள் சென்றது. மலைப்பள்ளிகளில் மாணவர் தொகை சிறியது. மலைக்காற்றின் ஈரமோ பெரிது, காகிதம் அங்கே விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். பள்ளிகள் இயங்கும்போதே, தலைமையாசிரியர்களின் இசைவோடு, அப்பதிவேடுகளைப் படியெடுக்கும் பணியை இம்மன்றம் மேற்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதனோடு, பெரட்டுக்குச் சென்ற தலைமுறையில் இன்று எஞ்சியுள்ள மூதாட்டியரிடம் சென்று அமர்ந்து, தேயிலைச் சரிவுகளின் பெயர்களையும் கேட்டு எழுத வேண்டும். நிருவாகம் சரிவுகளுக்கு எண்களை இட்டது. பறித்தவர்கள் அவற்றுக்குப் பாறையையும் ஓடையையும் சாமியையும் செத்தவரையும் வைத்துப் பெயரிட்டு அழைப்பது தோட்ட வழக்கு.